பந்தயக் காருக்கு எந்த டயர்?

தொலைக்காட்சியில் பந்தயம் பார்க்கும் நம் பிள்ளைகள், பந்தயக் காரின் டயர் பள்ளக் கோடுகள் இல்லாமல் வழுவழுப்பாக இருப்பதைக் கவனித்திருப்பார்கள். அதைக் கண்டு, வேகத்திற்குத் தேய்ந்த டயரே நல்லது என்று சில இளைஞர்கள் எண்ணிவிடுகிறார்கள். இது உயிருக்கே ஆபத்தான எண்ணம்.

பந்தய டயர் தேய்ந்த டயர் அன்று. அது மிருதுவான ரப்பர் கலவையால் ஆனது. ஓட ஓடச் சூடேறிக் காய்ந்த தரையைப் பிசின்போல் பற்றிக்கொள்ளும். பள்ளம் இல்லாததால் தரையில் படியும் ரப்பரும் அதிகம். தேய்ந்த பழைய டயரிலோ ரப்பர் மெலிந்து இறுகிப்போயிருக்கும்.

மழை வந்தால் நிலைமை மாறிவிடும். டயரின் பள்ளங்கள்தாம் தண்ணீரை வெளியேற்றும் வாய்க்கால்கள். வாய்க்கால் இல்லையேல் டயர் தண்ணீர்மேல் மிதக்கும். பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேளாது. அதனால்தான் 1999இல் திறக்கப்பட்ட நம் சிப்பாங் பந்தயத் திடலிலும் மழை பெய்தால் பள்ளமுள்ள டயரை மாட்டுகிறார்கள்.

பொழுதுபோக்காகத் திடலில் ஓட்டப் பழகுகிறவர், போட்டி விதி இடம் கொடுத்தால், நல்ல சாலை டயரிலேயே தொடங்கலாம். அது வழுக்குமுன் கிறீச்சிட்டு எச்சரிக்கும். வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3523 என்றிருந்தால், 2023ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். நெடுநாள் கிடந்த டயர் புதிதுபோல் தெரிந்தாலும் வேண்டாம்.

சாலையில் ஓடும் காருக்கோ, பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையவே கூடாது.

விடியுமுன் பால்மரம் சீவிய குடும்பங்கள் நாம். ரப்பரின் அருமை நமக்குத் தெரியும். எந்தத் தரைக்கு எந்த ரப்பர் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.