பழிவழக்கும் வாய்ப்பூட்டும்

(காரிமங்கலத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உரைக்கும் உரிமைக்குத் தகடூர் மண் பிறநாட்டுச் சான்று தேட வேண்டியதில்லை. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், போர் காணாமல் பொலிவுடன் கிடந்த அவன் படைக்கலன்களைப் புகழ்வதுபோல் இகழ்ந்தார். அதற்காக அவர் ஒறுக்கப்பட்டார் என்னும் செய்தி இல்லை.

இன்று வேந்தர் இலர், பெருநிறுவனங்கள் உள. அவற்றின் படைக்கலன் அவதூறு வழக்கு.

ஒடிசாவின் தாமரா துறைமுகத்தால் பங்குனி ஆமைகளுக்குக் கேடு வரும் என்று கிரீன்பீசு அமைப்பு 2010இல் கணினி விளையாட்டொன்றால் எள்ளி உரைத்தது. தாட்டா நிறுவனம் 10 கோடி உருபா இழப்பீடும் உடனடித் தடையும் கேட்டது. தில்லி உயர் முறைமன்றம் 2011 சனவரி 28இல் இடைக்காலத் தடை தர மறுத்தது. பொய்யென்று மெய்ப்பித்தால் இழப்பீடு பெறலாம். அதற்கு முன்பே வாயைக் கட்டலாகாது என்பதே அதன் கருத்து.

இலண்டனில் துண்டறிக்கை ஒன்றுக்காக மெக்டொனால்டு நிறுவனம் தொடுத்த வழக்கு 313 நாள் உசாவப்பட்டது. எலன் சிடீல், தேவிடு மாரிசு என்னும் எளியோர் இருவர் வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பொருளின்றித் தாமே வழக்காடினர். 1997இல் தீர்ப்பு பெரும்பாலும் அவர்களுக்கு எதிராயிற்று. ஆயினும் அவர்களுக்குச் சட்ட உதவி மறுத்தது முறையன்று என ஐரோப்பிய மாந்தவுரிமை மன்றம் 2005இல் தீர்ப்பளித்தது.

இங்கே நுட்பம் ஒன்றுண்டு. இத்தகைய வழக்கில் வெல்வது நிறுவனத்தின் நோக்கமாக இருக்க வேண்டியதில்லை, இழுத்தடித்தலே போதும். அதற்கு வழக்குச் செலவு சிறுகாசு. சிற்றிதழுக்கோ அது மூச்சு. ஒருவர் அலைக்கழிவதைக் கண்டு ஒன்பதின்மர் வாய்மூடுவர். ஏரிநீர் கெட்டால் கேட்க ஆளிராது.

2024 சூலை 1 முதல், வடமொழிப் பெயரோடு தமிழர்மேலும் சுமத்தப்பட்டுள்ள பாரதிய நியாய சன்கிதாவின் 356ஆம் பிரிவு, நிறுவனத்தைப் பழிப்பதையும் குற்றமாக்கி, ஈராண்டு வரை சிறைக்கு வழி வைத்துள்ளது. மானம் உயிருடையார்க்கு உரியது. வணிக இழப்புக்கு ஈடு பணமே, சிறை எதற்கு?

பொய்க்குப் புகலிடம் கேட்பதன்று இவ்வுரை. பொய்ப்பழி தொழிலாளர் சோற்றிலும் மண் போடும். ஆகவே எழுதுவோர் சான்று திரட்டுக, ஆவணம் காக்க, ஐயமாயின் எழுதற்க. பொதுநன்மைக்காகக் கூறும் உண்மைக்கு அச்சட்டமே விலக்களிக்கிறது. வாயடைக்கும் வழக்குகளைத் தொடக்கத்திலேயே தள்ளத் தனிச் சட்டம் இந்நாட்டில் இல்லை. அதனைக் கேட்டுப் பெறுதலே நம் கடன்.

வாய்மை வெல்க! தமிழ் வெல்க!