வேனிலும் வீட்டு மேல்தளமும்

(விஸ்வநத்தத்தில் நடைபெற்ற சங்கத்தின் மாசித் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனை அழைத்துப் பேசுக என்றால், அவன் பழைய நூலொன்றை விரித்துப் பொருள் கூறுவான் என்றே எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் நம் தலைக்கு மேலுள்ள தளம். பங்குனி பிறக்க இன்னும் சில நாட்களே உள. அதன்பின் இதனைப் பேசிப் பயனில்லை.

ஆயினும் பழக்கம் விடாதாகலின் ஒரு நூலை மட்டும் நினைவூட்டுவோம். நெடுநல்வாடையில் கூதிர்காலத்து மாந்தர் சாளரங்களை அடைத்து நெருப்புச் சட்டியருகே அமர்ந்திருப்பதும், வேலையற்ற விசிறி சிலந்தி நூல் படிந்து தொங்குவதும் கூறப்படும். வேனிற்கெனத் தென்றல் வரும் தனிப்பள்ளி இருந்ததும் அதனால் அறியலாம். நம் ஊரில் கூதிர் என்பது மார்கழி விடியலில் ஒரு போர்வையோடு முடிந்துவிடும். நமக்கு வேண்டுவது வேனிற்பள்ளி ஒன்றே. அதனை நாமே இடித்துவிட்டோம் என்பதுதான் எம் வழக்கு.

நம் பாட்டனார் காலத்தில் எளியோர்க்கு நாட்டு ஓடு. செல்வர்க்கு மெட்ராஸ் தளம். மரக்கட்டைகளின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்பிட்டு அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காய்நீரும் வெல்லநீரும் தெளித்து, கட்டையால் நாட்கணக்கில் அடித்து, தட்டோடு பதித்து முடிப்பர். அத்தளத்தில் வெயில் புகுந்து அறையை அடைதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஓட்டு வீட்டிலோ இடுக்குகளின் வழியே சூடு மேலேறிப் போய்விடும்.

பதினைந்து ஆண்டுகட்கு முன் யாம் எம் தந்தையார் கட்டிய ஓட்டு வீட்டைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போட்டோம். எம் அன்னையார் அதன்கீழ் ஒரு வேனில் துயின்று பார்த்துவிட்டுத் திண்ணைக்குச் சென்றுவிட்டார். பழமையை விடமாட்டாதவர் என்று யாம் நகைத்தோம். நகைப்புக்குரியவர் யாமே என்பது விளங்க நெடுநாளாயிற்று. கான்கிரீட் பகலெல்லாம் வெயிலை உண்டு, இரவெல்லாம் அதனை அறைக்குள் உமிழும். நள்ளிரவிலும் சுவரைத் தொட்டால் வெதுவெதுப்பு இருக்கும். மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதன்று; இருக்கும் காற்றை அசைத்து வியர்வையை உலர்த்துவதே அதன் தொழில். மேலே அனல் தேங்கி நிற்க, விசிறி அதனை நம்மீது வாரி இறைக்கும்.

பின்னர்த் தவணையில் ஏ.சி. ஒன்று வாங்கினோம். ஒன்றரை டன். டன் என்பது இயந்திரத்தின் எடையைக் குறிப்பதன்று. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுதற்கு வேண்டிய அளவு வெப்பத்தை அறையினின்று வெளியேற்றும் ஆற்றலே ஒரு டன் எனப்படும். எம் இயந்திரம் ஓய்வின்றி ஓடியும் அறை குளிரவில்லை. ஆண்டுதோறும் சித்திரையில் பழுது பார்ப்பவர் ஒருவர் வந்து, "கேஸ் தீர்ந்துவிட்டது ஐயா" என்று நிரப்பிப் பணம் பெற்றுச் செல்வார். நான்கு ஆண்டுகள் கொடுத்தோம். ஐந்தாம் ஆண்டு வந்த வேறோர் இளைஞர், செப்புக் குழாயின் இணைப்பில் சோப்பு நீரைத் தடவிக் குமிழி எழுவதைக் காட்டினார். பெட்ரோலைப் போல் அந்த வாயு எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிவுண்டு. கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் முகப்பதாகும். இந்த ஓர் உண்மையை அறிய எமக்கு நான்காண்டுச் செலவாயிற்று. உங்களுக்கு இன்று இலவசம்.

இரு வாரத்துக்கு ஒருமுறை உள்வலையைக் கழற்றிக் கழுவுதல், வெளியே உள்ள பெட்டியின் தூசியை நீக்கி அதற்குக் காற்றோட்டம் விடுதல் ஆகிய இரண்டையும் வீட்டாரே கண்காணிக்கலாம். 16-இல் வைத்தால் விரைவாகக் குளிரும் என்று எண்ணுவது பிழை. 2020 முதல் நம் நாட்டில் விற்கும் நட்சத்திரக் குறியீட்டு ஏ.சி.கள் 24 பாகையிலேயே தொடங்குமாறு விதி செய்யப்பட்டுள்ளது. அதனோடு விசிறியையும் மெல்லச் சுழலவிட்டால் உடலுக்கு அது போதும்.

ஈண்டு ஒரு செய்தி சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. இக்காலத்து ஏ.சி. மனிதனின் சுகத்துக்காகத் தோன்றியதன்று. 1902-ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில், ஈரக்காற்றால் தாள் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போயின. அதனைத் தீர்க்கவே வில்லிஸ் காரியர் என்னும் பொறியாளர் அக்கருவியை வகுத்தார். நாட்காட்டி அச்சிடும் சிவகாசியார்க்கு இத்துன்பத்தை விளக்க வேண்டுவதில்லை. தாளுக்காகத் தோன்றிய தண்மை இன்றும் நம்மூரில் தாளுக்கும் இயந்திரத்துக்கும் கிடைத்த அளவு ஆளுக்குக் கிடைக்கவில்லை என்று யாம் சொன்னால், அச்சக உரிமையாளர்கள் பொறுத்தருள வேண்டும்.

வெடிமருந்து புழங்கும் அறைகளில் மின்விசிறி சுழல்வதில்லை. அது காப்பின் பொருட்டு, குறை கூறுவதற்கில்லை. ஆனால் பகலெல்லாம் அங்கே வெந்து வரும் நம் சகோதரியர் இரவில் எங்கே துயில்கின்றனர்? பலர் கல்நார்த் தகட்டின் கீழ். பகல் வெப்பத்தை உடல் ஆற்றிக்கொள்வது இரவில்தான். இரவும் சூடாயின் மறுநாள் கை தளரும், கண் சோரும். மருந்தோடு பழகும் கை தளர்ந்தால் விளைவது யாதென்று இவ்வூரில் யாம் கூறவும் வேண்டுமோ? 2010 மே மாதத்தில் அகமதாபாத் நகரில் வெம்மையால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அதன் பின்னரே 2013-இல் அந்நகரம் வெப்பத்தை எதிர்கொள்ளத் திட்டம் வகுத்தது. நம் தமிழ்நாட்டு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

இனி வழி யாதெனின், முதலில் மேல்தளம். இயந்திரம் அதன் பின்னரே. வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். தளத்தைக் கழுவி, வெடிப்புகளை அடைத்து, நீற்றிய சுண்ணாம்பில் பசை கலந்து இருமுறை பூசுக. மழை அதனைக் கரைக்குமாகலின் ஆண்டுதோறும் மாசியில் புதுப்பித்தல் வேண்டும். பொருளுடையோர் இதற்கென விற்கும் வெண்பூச்சை வாங்கலாம். அது சில ஆண்டுகள் நிற்கும். சென்ற ஆண்டு எம் தளத்திலும் பூசினோம். ஓயாது ஓடிய ஏ.சி. இடையிடையே நிற்கக் கற்றுக்கொண்டது. அன்னையார் ஓரிரவு உள்ளே வந்து படுத்து, "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, மறுநாள் மீண்டும் திண்ணைக்கே சென்றார்.

கல்நார்த் தகட்டை மட்டும் உலர்ந்த நிலையில் தேய்க்கலாகாது. அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. நனைத்த பின்னரே துடைக்க. அதன்மேல் நேரே கால் வைத்தலும் கூடாது. பலகை இட்டு அதன்மேல் நிற்க.

விசிறி மெதுவாகச் சுழன்றால் புதியது வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். பெரும்பாலும் கண்டென்சர் தளர்ந்திருக்கும், அதனை மாற்றுதல் சிறு செலவு. மாற்றியே தீரவேண்டுமாயின் பி.எல்.டி.சி. விசிறி வாங்குக. பழையது 75 வாட் கொள்ளும். இது 30 வாட் அளவே. நாளொன்றுக்கு 14 மணி நேரம் சுழன்றால் இரு திங்களில் ஏறத்தாழ 38 யூனிட் மிஞ்சும். ஏர் கூலர் நம் வறண்ட காற்றுக்கு ஏற்றதே. ஆனால் தண்ணீரை லாரியில் வாங்கும் வீட்டுக்கு எவ்வாறு அதனைப் பரிந்துரைப்போம்?

விருதுநகரில் வீடுதோறும் பிடி அரிசி திரட்டிப் பள்ளி நடத்திய வரலாறு நீங்கள் அறிந்ததே. சங்கத்தாரிடம் யாம் வேண்டுவது அதனினும் சிறிது. மகமைப் பணத்தில் சுண்ணாம்பு வாங்கித் தாருங்கள். தகட்டு வீட்டில் வாழும் நம்மவரின் பெயர்களைக் கூட்டம் முடிந்ததும் எழுதிக்கொள்வோம். பள்ளியின் மேல்வகுப்பு மாணவர் சிலர் சுண்ணாம்பு கரைத்துத் தர வருவதாகக் கூறியுள்ளனர். தகட்டின்மேல் அவர்களை ஏற்றமாட்டோம், அதற்குக் கைதேர்ந்த கொத்தனார் இருவர் வேண்டும். எம் வீட்டு ஏணி ஞாயிறன்று காலை ஆறு மணிக்குச் சங்கக் கட்டடத்து வாயிலில் இருக்கும்.