கண்ணீரோடு நின்றால் போதுமா?

தாம்பரம் தோழர்களே!

உழைப்பாளியின் கதை என்று சொல்லிக்கொண்டு வரும் படங்களையும் நாவல்களையும் நாம் எப்படி எடைபோடுவது? துன்பத்தைக் காட்டுவதோடு நிற்கிறதா, அதை மாற்றும் வழியையும் காட்டுகிறதா? இதுதான் நம் படிக்கல்.

2024-ல் மாரி செல்வராஜின் 'வாழை' வந்தது. தாமிரபரணிக் கரையில் வாழைத்தார் சுமப்பவர்களின் கதை; 1999-ல் நடந்த லாரி விபத்தை வைத்து எடுத்தது. கூலியை உயர்த்தக் கேட்கிறார்கள். வியாபாரி வேண்டாவெறுப்பாக இணங்குகிறான். பிறகு வண்டிச் செலவை மிச்சம் பிடிக்க, தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஆட்களையும் ஏற்றுகிறான். லாரி கவிழ்கிறது. லாபக் கணக்கு உயிரைக் குடிப்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன படம் அபூர்வம், பாராட்டுகிறோம். ஆனால் ஒப்பாரியோடு படம் முடிந்துவிடுகிறது. எஞ்சியவர்கள் மறுநாள் என்ன செய்தார்கள்?

இந்தக் கேள்விக்கு டி. செல்வராஜின் 'தோல்' நாவலில் பதில் இருக்கிறது. 2012-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்ற நூல். திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழியில் நின்று வெந்த தாழ்த்தப்பட்ட மக்கள் செங்கொடியின் கீழ் சங்கம் கண்ட வரலாறு அது. நம் குரோம்பேட்டைக்குப் பேர் வந்ததே குரோம் தோல் ஆலையால்தான்; ஆகவே இது நமக்கும் சொந்தக் கதை.

புத்தகம் கனமானது, பாத்திரங்களும் ஏராளம். தனியாகப் படித்தால் அலுப்புத் தட்டும். பத்துப் பேர் கூடி ஒரு பிரதி வாங்குவோம். ஒருவர் படிக்க மற்றவர் கேட்போம். 'வாழை' பார்த்து அழுத தோழர்களே, அடுத்து 'தோல்' படியுங்கள்!