விவாகரத்துக்குப் பிறகும் உயிரோடிருக்கும் மரணசாசனம்



வந்தாறுமூலைப் பக்கத்தில் ஒரு வீட்டு உறுதியை எடுத்துப் பார்த்தால், அதில் பெரும்பாலும் பெண்ணின் பெயர்தான் இருக்கும். மட்டக்களப்பில் தாய்வழி வழமை ஆழமானது. கலியாணத்தோடு வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்வார்.

அப்படிப்பட்ட ஒரு பெண், கலியாணமான புதிதில், தனக்குப் பிறகு வீடு கணவனுக்கு என்று பெயர் குறித்து நொத்தாரிசிடம் மரணசாசனம் முடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடம் கழித்து விவாகரத்து. சாசனம் அலுமாரியிலேயே கிடக்கிறது. அவள் கண்மூடினால் வீட்டைக் கேட்டு வரக்கூடியவர் அந்த முன்னாள் கணவர்தான்.

காரணம், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். ஒரு சாசனம் எப்படியெல்லாம் ரத்தாகும் என்று அது எண்ணிச் சொல்கிறது: எழுதியவர் திருமணம் செய்தால், முறைப்படி இன்னொரு சாசனமோ ரத்துப் பத்திரமோ எழுதினால், ரத்தாக்கும் எண்ணத்தோடு எரித்தால் அல்லது கிழித்தால். விவாகரத்து அந்த வரிசையில் இல்லை. மறுமணம் செய்தவளின் பழைய சாசனம் தானாகவே போய்விடுகிறது. பிள்ளைகளே போதும் என்று தனித்து வாழ்பவள்தான் மாட்டிக்கொள்கிறாள். இது பெரிய அநியாயம், திருத்தப்பட வேண்டியது.

சாசனமே எழுதாதவளுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1876ஆம் ஆண்டுச் சட்டப்படி உயிரோடிருக்கும் துணைக்குப் பாதிச் சொத்து. விவாகரத்து உறுதியானதும் அந்த உரிமை அற்றுவிடும். ஆனால் நீதிமன்றம் முதலில் தரும் தீர்ப்பு முடிந்த முடிபல்ல. குறைந்தது மூன்று மாதம் கழித்தே அது உறுதியாகும். அதுவரை அவர் கணவர்தான்.

லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் தொலைபேசியில், "அதெல்லாம் தானா ரத்தாகிரும் பிள்ள" என்று சொல்லக்கூடும். அவர் சொல்வது அங்கே சரி. இங்கிலாந்தில் 1983 முதல் விவாகரத்தோடு முன்னாள் துணைக்கு எழுதிய பங்கு விழுந்துவிடுகிறது. 1995இல் வந்த திருத்தம், அவர் விவாகரத்து நாளிலேயே இறந்துவிட்டதாகக் கொள்ளச் சொன்னது. அந்தச் சட்டத்தை நம்பிச் செங்கலடியில் ஒரு வளவைக் காப்பாற்ற முடியாது.

புதிய சாசனம் எழுதுவது கடினமான வேலையல்ல. ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் போதும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். பழையதை முடித்த அதே நொத்தாரிசைத் தேடிப் போக வேண்டிய கட்டாயமும் கிடையாது.