டிராக்டர் ஏன் சூடேறுகிறது?

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். தண்ணீர் வயலுக்கு வந்து சேர்ந்துவிட்டால் காவிரி டெல்டாவில் டிராக்டர்களுக்கு ஓய்வே கிடையாது. கேஜ் வீல் மாட்டிச் சேறடிக்கிற அந்த நாட்களில் மெக்கானிக் கடைகளில் அடிக்கடி காதில் விழுவது, "வண்டி ஹீட் ஆகுதுண்ணே" என்ற பேச்சு. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சேற்றுழவில் ஏன் இப்படி ஆகிறது? எரிகிற டீசலில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மீதி வெப்பம். அதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறிவிடும். இன்னொரு பெரும்பகுதியைக் கூலன்ட் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்கு வரவேண்டும். அங்கே விசிறி இழுக்கும் காற்று அதை வாங்கிக்கொண்டு போகவேண்டும். சாலையில் ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றும் கைகொடுக்கும். வயலிலோ வண்டி நடை வேகத்தில் ஊர்கிறது, எஞ்சின் முழு பாரத்தை இழுக்கிறது, விசிறி ஒன்றுதான் துணை. அந்தக் காற்றுக்கான வழியையும் சேறும் வைக்கோல் தூசும் அடைத்துவிட்டால் வெப்பம் காட்டும் மீட்டரின் முள் சிவப்புக்கு ஏறத்தான் செய்யும்.

அதனால்தான் சொல்கிறேன், எஞ்சினைப் பிரிக்கும் பேச்சை எடுப்பதற்கு முன் ரேடியேட்டரின் முகத்தைப் பாருங்கள். வலையை எடுத்துவிட்டு, தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, காற்று வருகிற திசைக்கு எதிராக, அதாவது எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகக் காற்றோ தண்ணீரோ அடியுங்கள். முன்பக்கமிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வாட்டர் சர்வீஸ் குழாயை நெருக்கிப் பிடித்து வேகமாக அடிப்பதும் தவறு. மெல்லிய தகடுகள் மடங்கிப்போகும். சீசனில் தினமும் சுத்தம் செய்வதுதான் வழி.

அடுத்தது ஃபேன் பெல்ட். தளர்ந்தாலும் எண்ணெய் பட்டு வழுக்கினாலும் விசிறியின் வேகம் குறைந்துவிடும். பல வண்டிகளில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. பம்புக்கு அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே சொட்டுகிறதென்றால் பம்பின் சீல் போய்விட்டது என்று பொருள். அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைக்கவேண்டாம்.

முள் சிவப்பில் நிற்க, மேல் ஓஸ் கொதிக்க, கீழ் ஓஸ் மட்டும் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டர் உள்ளுக்குள் அடைத்திருக்கிறது. தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்பட்டால் கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு, வெப்பமானி வைத்துச் சூடாக்குங்கள். அதன் மேலேயே பொறித்திருக்கும் வெப்பநிலையை ஒட்டித் திறக்கவேண்டும். பல வண்டிகளில் அது 82 டிகிரி செல்சியஸ். திறக்காவிட்டால் புதிது வாங்குங்கள். அது இல்லாமலேயே ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எஞ்சின் தன் சூட்டுக்கு வராமல் தேயும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். சில எஞ்சின்களில் சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றிவந்து சூடு இன்னும் ஏறும்.

வெளியே எங்கும் கசிவில்லை, ஆனால் கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது. வெள்ளைப் புகை அடங்கவில்லை. ஆயில் பால் கலந்ததுபோல் இருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கவேண்டிய நேரம் வந்துவிட்டது. அதற்கு மேல் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

வயலிலேயே முள் ஏறிவிட்டால் என்ன செய்வது? கூலன்ட் கொட்டவில்லை, பெல்ட் அறவில்லை என்றால் பாரத்தை எடுத்துவிட்டு, பி.டி.ஓ.வை நிறுத்தி, சில நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். ஆவி பீறிட்டாலோ பெல்ட் அறுந்திருந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். குக்கரைப் போல அதன் உள்ளே அழுத்தம் இருக்கிறது. திறந்த கணமே கொதிநீர் முகத்தில் பாயும். ரேடியேட்டரின் மேற்பக்கமும் மேல் ஓஸும் கை வைக்கிற அளவுக்கு ஆறியபிறகு, தடித்த துணி போட்டு முதல் திருப்பில் நிறுத்தி, அழுத்தம் போனபின் திறக்கவேண்டும். சூடான எஞ்சினில் பச்சைத்தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடக்கூடும். இன்னொன்று: முள் திடீரென்று கீழே இறங்கினால் ஆறிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். கூலன்ட் முழுக்கக் கொட்டிப்போய், சென்சார் வெறும் காற்றில் நின்றாலும் முள் இறங்கும்.

இப்போது தண்ணீர் விஷயம். "நம்ம ஊர்ல என்ன பனியா உறையுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்கிறவர்கள் பலர். உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்றுதான். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் ஏறக்குறைய 107 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் அழுத்தம் அந்த அளவை இன்னும் உயர்த்தும். துருவைத் தடுப்பதும் அதுதான். கூலன்ட்டில் நேரடியாக நிற்கும் லைனர்களின் வெளிப்புறத்தில், அதிர்வால் உண்டாகும் நுண்குமிழிகள் வெடித்துக் குழி பறிப்பதையும் அதில் சேர்த்திருக்கும் மருந்துகள் தடுக்கின்றன. போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சூடான இடங்களில் காரையாகப் படியும். வேதாரண்யம் பக்கம்போல உப்பேறிய நிலத்தடி நீரென்றால் அரிப்பும் சேர்ந்துகொள்ளும். அவசரத்துக்கு ஊற்றியிருந்தால், அன்றைய வேலை முடிந்ததும் வடித்துவிட்டு, டிஸ்டில்ட் வாட்டரில் கலந்த கூலன்ட்டை நிரப்புங்கள். நிறத்தைப் பார்த்து வாங்கவேண்டாம். கையேட்டில் சொன்ன வகைதானா என்று பார்த்து வாங்குங்கள். வகை மாறிக் கலந்தால் சில சமயம் கூழாகக் கட்டிக்கொள்ளும்.

ஒரு வேண்டுகோள். பெரும்பாலான கூலன்ட்டுகளில் இருப்பது எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு. அது இனிக்கும். அதனால் நாயும் மாடும் நக்கிக் குடிக்கும், குழந்தைகளும் குடித்துவிடலாம். வடித்த கூலன்ட்டை வாய்க்காலிலோ வரப்பிலோ ஊற்றாதீர்கள், குடிநீர் பாட்டிலில் பிடித்து வைக்காதீர்கள். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்கவேண்டாம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு அது. அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.