பைத்தியமும் பேயும்



"பைத்தியமும் பேயும்" என்பது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக் கொண்டார்கள். பேயைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பார்த்தவன் எவனாவது அகப்பட்டால்தானே பேசலாம்? பைத்தியமோ கண்ணெதிரே இருக்கிற சங்கதி. ஆதலால் அதைப் பற்றியே பேசுகிறேன்.

காய்ச்சல் கண்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற நாம், புத்தி மாறினவனை மாத்திரம் ஏன் கோயிலுக்கும், தர்காவுக்கும், மாதா கோயிலுக்கும் கொண்டுபோக வேண்டும்? உடம்பு மனிதனுடையது, மூளை மாத்திரம் சாமியினுடையதா? வலிப்பு தெய்வத்தால் வருவதல்ல, மூளையில் உண்டாவது என்று கிரேக்க வைத்தியர்கள் சுமார் 2,400 வருஷங்களுக்கு முன்னமே எழுதி வைத்தார்கள். நமக்கு இன்னும் வேப்பிலை வேண்டியிருக்கிறது!

ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் நிறைந்திருந்த ஒரு வகைப் பைத்தியத்தைச் சொல்லுகிறேன். நேற்றுவரை ஒழுங்காகக் கணக்கெழுதினவன் திடீரென்று "நானே ராஜா, உலகமே என் சொத்து" என்பான். பிறகு நாக்குக் குழறும், கைகால் விழும், சில வருஷங்களில் செத்துப்போவான். பேய் என்று சொல்ல இதைவிட வசதியான நோய் உண்டா? ஆனால் அங்கே சிலர் செத்தவர்களின் மூளையைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். மேகநோய்க் கிருமியை 1905-இல் ஜெர்மனியில் கண்டுபிடித்திருந்தார்கள். 1913-இல் அமெரிக்காவில் நொகுச்சி என்ற ஜப்பானியரும் மூர் என்பவரும் அதே கிருமியை இந்தப் பைத்தியக்காரர்களின் மூளையில் கண்டார்கள். ராஜா வேஷம் போட்டது திருகாணிபோல் நெளிந்த ஒரு பூச்சி!

கண்டதோடு நின்றார்களா? 1917-இல் வியன்னாவில் வாக்னர்-யாரெக் என்பவர் நோயாளிக்கு வேண்டுமென்றே மலேரியாக் காய்ச்சலை உண்டாக்கி, பிறகு கொய்னா கொடுத்து அதை நிறுத்தினார். சிலர் தேறினார்கள், சிலர் அதனாலேயே செத்தார்கள். அதற்காக 1927-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிறகு, பெனிசிலின் மேகநோயைத் தீர்க்கும் என்று 1943-இல் தெரிந்தது. மலேரியா வைத்தியமும் ஒழிந்தது. அந்தப் பைத்தியமும் அபூர்வமாகிவிட்டது.

எல்லாப் பைத்தியத்துக்கும் கிருமி காரணமா என்றால், இல்லை. பல மனநோய்களின் காரணம் இன்னும் முழுதும் விளங்கவில்லை. அதற்குள்ளாகவே பலருக்கு அடங்கும்படியான மருந்துகள் 1952 முதல் வந்துவிட்டன. "தெரியவில்லை, தேடுகிறோம்" என்று டாக்டர் சொல்லுவார். பூசாரி என்றைக்காவது சொன்னதுண்டா?

அதற்காக டாக்டரையும் சாமியாக்கிவிடாதீர்கள். அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில், மேகநோய் கண்ட சுமார் 400 கறுப்பர்களை, பெனிசிலின் கைக்கு வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று 1932 முதல் 1972 வரையில் சர்க்கார் டாக்டர்களே வேடிக்கை பார்த்தார்கள். பத்திரிகையில் வெளியான பிறகுதான் நிறுத்தினார்கள். இது விஞ்ஞானத்தின் குற்றமல்ல. நிறத்திமிர், அதாவது அந்நாட்டு ஜாதித்திமிர். கேள்வி கேட்காமல் கும்பிடுவது எங்கே செய்தாலும் பக்திதான்.

நம் நாட்டுக்கு வருவோம். 2001 ஆகஸ்ட் 6-இல் இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் தங்கியிருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் மாண்டார்கள். அவர்களைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள், ஓட முடியவில்லை. கட்டினவன் பேயா, மனிதனா? மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டக்கூடாதென்று 2017-இல் சட்டமே வந்திருக்கிறது. உங்கள் ஊரில் எவரையாவது கட்டிவைத்திருந்தால், முதலில் அவிழ்க்கச் சொல்லுங்கள்; பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

நேரமாகிவிட்டது. மறுத்துக் கேட்க விரும்பும் தோழர்கள் மேடைக்கே வந்து தாராளமாகக் கேட்கலாம்.