மலையேறும் வண்டியும் நம் பட்டறையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. கம்பனையும் இளங்கோவையும் விடுத்து, இரும்பையும் எண்ணெயையும் பற்றிப் பேச முற்பட்டது ஏன் என்று சிலர் வியக்கலாம். காரணம் எளிது. சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம்மவருள் பட்டறைத் தொழிலால் பிழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தோர் உண்டு. அப்பிள்ளைகளுள் சிலருக்கு இன்று ஓர் ஆசை பிறந்திருக்கிறது. பழைய ஜீப் ஒன்றை வாங்கி, அதைக் கழற்றி, வேண்டியவாறு வெட்டி ஒட்டி, நான்கு சக்கரமும் இழுக்கும் மலைவண்டி ஒன்றைத் தம் கையாலேயே கட்டிவிட வேண்டும் என்பதே அது. இந்த ஆசையை நாம் அடக்குவதா, வளர்ப்பதா? இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

நாம் வாழும் நிலமே இவ்வாசைக்கு வித்து. திருமலைக்கு 1944ஆம் ஆண்டில்தான் முதல் மலைப்பாதை திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் நடந்தோ, டோலியில் அமர்ந்தோதான் மலையேற வேண்டும். 1974இல் இரண்டாம் பாதை அமைந்தது. இன்று புதிய பாதையில் ஏறிப் பழைய பாதையில் இறங்குகிறோம். பாதையை விட்டு விலகினாலோ, எங்கும் சேஷாசலத்தின் பாறையும் முட்புதருமே. மலையைத் தினமும் கண்ணெதிரே காண்கிற இளைஞனுக்கு, அதில் ஏறவல்ல வண்டியைச் செய்துபார்க்க வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பே அன்றோ?

இவ்வாசை புதியதும் அன்று. ஜீப் வண்டியே கைவேலையாகப் பிறந்ததுதான். 1940ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவத்தார் எடை குறைந்த வேவு வண்டி ஒன்று வேண்டுமென்று நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு எழுதினர். மாதிரி வண்டியை நாற்பத்தொன்பதே நாட்களில் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பென்சில்வேனியாவிலுள்ள பட்லர் என்னும் சிற்றூரில், நொடித்துப்போகும் நிலையிலிருந்த பேண்டம் என்ற சிறு நிறுவனம் அதை ஏற்றது. கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளர் இரண்டே நாட்களில் வரைபடத்தை முடித்தார். எஞ்சின் ஓரிடத்தில் வாங்கியது. கியர்பெட்டி வேறோரிடத்தில் வாங்கியது. அச்சுகளோ ஸ்டூடிபேக்கர் காரின் அச்சுகளைத் திருத்தி அமைத்தவை. எஞ்சியவற்றைத் தொழிலாளர் தம் கையாலேயே வளைத்தும் பற்றவைத்தும் முடித்து, செப்டம்பர் 23ஆம் நாள், கெடு முடியச் சற்று நேரமே இருக்கையில், கொண்டுபோய் நிறுத்தினர்.

இங்கே நாம் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வண்டி வந்து நின்றதும் இராணுவத்தார் அதைப் பாராட்டிப் படைக்கு அனுப்பிவிடவில்லை. மேட்டிலும் சேற்றிலும் மணலிலும் பல நாள் ஓட்டி, எங்கே விரிகிறது, எங்கே உடைகிறது என்று இரக்கமின்றிச் சோதித்தனர். கண்ட குறைகள் திருத்தப்பட்டன. வில்லிஸ், போர்டு நிறுவனத்தாரும் தத்தம் மாதிரிகளைச் செய்து தந்தனர். போர் முடிவதற்குள் அவ்விரு நிறுவனங்களும் செய்தளித்த ஜீப்புகள் ஆறு லட்சத்திற்கும் மேல். கைவேலையாகத் தொடங்கிய ஒன்று உலகையே சுற்றியது எதனால்? கட்டியவன் தன் வண்டிக்குத் தானே சான்று கூறவில்லை. பிறர் சோதித்துச் சான்று கூறினர். அதனால்தான்.

போருக்குப் பின் இந்தியாவிலும் ஜீப்புகள் பெருகின. மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் வண்டியைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கினர். பழுதான உறுப்புக்கு மாற்று உடனே கிடைக்காத ஊர்களில், ஒன்றைக் கடைந்தோ வார்த்தோ செய்துகொள்ளும் திறமை பட்டறைகளில் வளர்ந்தது. நாம் கொல்லன் என்போம். தெலுங்கு அன்பர்கள் கம்மரி என்பர். பெயர் இரண்டாயினும் உலை ஒன்றே. பட்டறை வாயிலில் மொழிச் சண்டைக்கு இடமில்லை. அளவு சரியா, தவறா என்பதே அங்கு வழக்கு.

இனி, வண்டியின் உள்ளே சற்று நோக்குவோம். எஞ்சினின் ஆற்றல் கியர்பெட்டியைக் கடந்து டிரான்ஸ்பர் கேஸ் என்னும் மற்றொரு பெட்டிக்குச் செல்கிறது. அங்கிருந்து முன்னச்சுக்கு ஒரு தண்டும் பின்னச்சுக்கு ஒரு தண்டும் பிரிகின்றன. அப்பெட்டியிலேயே தாழ்கியர் ஒன்றும் உண்டு. அதைப் போட்டால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். இழுவிசை ஏறத்தாழ இரட்டிக்கும். ஆதலின் மலைவண்டிக்குப் பெரிய எஞ்சின்தான் வேண்டும் என்பது தவறான எண்ணம். போர்க்கால ஜீப்பின் எஞ்சின் அறுபது குதிரைத்திறன் உடையது. அதுவே போதியதாக இருந்தது.

தாய்மார்களும் அறிய வேண்டிய ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறோம். வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. பழைய வகை ஜீப்பில் நான்கு சக்கர இழுவையைப் பூட்டிவிட்டால், முன்னும் பின்னும் ஒரே அளவு சுழன்றாக வேண்டும். சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி அவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தார்ச்சாலையிலோ வழுக்க இடமில்லை. உறுப்புகள் முறுக்கேறும், ஸ்டியரிங் கனக்கும். எனவே திருமலைப் பாதையின் கொண்டையூசி வளைவுகளில் அவ்வகை வண்டியை இரு சக்கர இழுவையில் ஓட்டுவதே முறை. இறங்கும்போதோ பிரேக்கை மட்டும் நம்பாமல், எஞ்சினின் தடையும் துணை செய்யுமாறு தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை ஓயாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பிழக்கும்.

இளைஞர்கள் விரும்பிச் செய்யும் மாற்றங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, வண்டியை உயர்த்துதல். பாறையில் அடி தட்டாது என்பது உண்மை. ஆயின் எடை மையமும் உயர்கிறது. சரிவில் கவிழும் அபாயம் மிகுகிறது. தண்டின் கோணம் மாறி அதன் மூட்டு விரைவில் தேய்கிறது. இரண்டாவது, பெரிய டயர். டயரின் விட்டம் நூற்றுக்குப் பத்து கூடினால், மீட்டர் ஐம்பது காட்டும்போது வண்டி ஐம்பத்தைந்தில் ஓடும். பிரேக்குக்கும் சுமை கூடும். ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் தொட வேண்டும் என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

யாவற்றினும் பெரியது பற்றவைப்பு. வெல்டிங் பொட்டு மேலே அழகாகப் படிந்திருக்கும்; உள்ளே இரும்போடு இரும்பு கலவாதிருக்கும். ஈரம் ஏறிய கம்பியால் வைத்தால் உள்ளே நுண்துளைகள் விழும். பொட்டை ஒட்டிய இரும்பு சூட்டினால் தன்மை மாறி, அங்கேயே பின்னாளில் விரிசல் தொடங்கும். இவை கண்ணுக்குப் புலனாகா. அப்பா ஓட்ட, அம்மாவும் பாட்டியும் பின்னே அமர்ந்து மலையிறங்குகிற வண்டியில், ஸ்டியரிங்கைத் தாங்கும் ஒரு பொட்டு விட்டுப்போனால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். பட்டறையில் மிச்சம் பிடித்த நூறு ரூபாய் அங்கே ஓர் உயிரின் விலையாகிவிடும்.

இதனால்தான் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை உரிமையாளர் மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. புதிய வண்டி வகை ஒன்று சாலைக்கு வர வேண்டுமாயின், அதன் மாதிரியை அரசு ஏற்ற சோதனை நிலையம் ஒன்று சோதித்துச் சான்று தர வேண்டும். ஆகவே வீட்டில் கட்டிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுவதற்கில்லை. காட்டிலும் அனுமதியின்றி ஓட்டலாகாது. சேஷாசலம் 2010 முதல் உயிர்க்கோளக் காப்பகம். சட்டம் நம் கைத்திறனைப் பழிக்கிறது என்று வருந்துவோர் உண்டு. பழிக்கவில்லை, பேண்டம் வண்டியிடம் அன்று இராணுவத்தார் கேட்ட அதே சான்றைத்தான் நம்மிடமும் கேட்கிறது.

அவ்வாறாயின் இளைஞர்க்கு வழியே இல்லையா? உண்டு. பொறியியற் கல்லூரி மாணவர் தாமே கட்டிய காட்டுவண்டியோடு போட்டியிடும் பாஹா என்னும் பந்தயம் 2007 முதல் நம் நாட்டில் நடைபெறுகிறது. அடைத்த களத்தில் நான்கு மணி நேரம் ஓடி வண்டி தாக்குப்பிடிக்க வேண்டும். எஞ்சினோ சிறியதே. அமெரிக்காவில் தோன்றிய இப்போட்டியின் விதிகளில் ஒன்று எம்மை மிகவும் கவர்ந்தது. ஓட்டுநரைக் காக்கும் குழாய்க்கூண்டைப் பற்றவைத்தவரே, அதே குழாயில் மாதிரிப் பொட்டுகள் வைத்துத் தர வேண்டும். ஒன்றை உடைத்துப் பார்க்கிறார்கள். மற்றொன்றை அறுத்து உள்ளே நோக்குகிறார்கள். பொட்டு விடாமல் குழாயே கிழிந்தால்தான் தேர்ச்சி. செலவு சிறிது, நம் பட்டறைகளிலும் இதைச் செய்யலாம். ஒவ்வொரு பெரிய வேலைக்கு முன்னும் ஒரு துண்டை ஒட்டி, உடைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவதை வழக்கமாக்கினால், அதுவே பெரிய கல்வி.

வேலைவாய்ப்பும் தொலைவில் இல்லை. தடாவை அடுத்த ஸ்ரீசிட்டியில், 2016 முதல் இசுசு நிறுவனத்தார் தொழிற்சாலை நடத்தி, நான்கு சக்கர இழுவை கொண்ட பிக்கப் வண்டிகளைச் செய்துவருகின்றனர். பொட்டு நின்றதா என்று தானே உடைத்துப் பார்க்கப் பழகிய கைக்கு அத்தகைய இடங்களில் மதிப்புண்டு.

ஆகவே பெற்றோரை நாம் வேண்டுவது இது: பிள்ளை கையில் கிரீஸ் படிந்தால் முகம் சுளிக்காதீர்கள். படிப்பும் பட்டறையும் பகைகள் அல்ல. இளைஞரை வேண்டுவது இது: கட்டுங்கள்; ஆனால் முதலில் காகிதத்தில் வரையுங்கள், அளந்து வெட்டுங்கள், உடைத்துப் பாருங்கள், அடைத்த களத்தில் ஓட்டுங்கள். உங்கள் வேலையைக் குறை காணவல்ல ஒருவரிடம் நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள். பட்டறை வைத்திருக்கும் அன்பர்களை வேண்டுவது இது: மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலனிப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்.